குழாய் இருக்கு

கை அறுவைப் பிரிவின் ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. நகரின் ஓரத்து லோத்குண்டா பகுதியிலிருந்து வந்திருக்கும் எஸ்தர், தைத்த தசைநாண் மறுபடி அறுந்த வலது கையை முந்தானைக்குள் வைத்திருக்கிறாள். ஆய்வுக்காகக் கேள்வித்தாள் நிரப்பும் ரமணியின் பேனா கட்டம் கட்டமாக இறங்குகிறது. படிப்பு, வேலை, வீட்டில் குழாய். "குழாய் இருக்கு" என்றதும் ஒரு டிக். கடைசிக் கட்டம்: 'சொன்னபடி நடக்காதவர்'. ஆய்வுத் தாள்தான் என்றாலும், இதைப் பார்த்துத்தான் டாக்டர் மறு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார். அங்கே டிக் விழுந்தால் எஸ்தரின் முறை கடைசிக்குப் போய்விடும்.

"ஆறு வாரம் கையில கட்டின பட்டையைக் கழட்டக் கூடாதுன்னு சொன்னோமே. ஏன்க்கா கழட்டினீங்க?"

"தண்ணி வந்துச்சு மேடம்."

ரமணி நிமிர்கிறாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள், காலைல ஒரு மணி நேரந்தான் வரும். தூக்க வேற ஆளும் இல்ல, ஒத்தக் கையால எத்தனை குடம் தூக்கறது?" எஸ்தர் சிரிக்கிறாள். "எங்க ஏரியா என்ன, நாள் முழுக்கத் தண்ணி வர்ற உங்க காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸா?"

பேனா குழாய்க் கட்டத்துக்குத் திரும்பி, அதன் ஓரத்தில் எழுதுகிறது: ஒருநாள் விட்டு ஒருநாள், தூக்க வேறு ஆளில்லை.

"கட்டத்துக்கு வெளிய எழுதுறீங்களே, இதெல்லாம் கணக்குல வருமா?"

ரமணி ஸ்கேலை எடுத்து, எழுதியதைச் சுற்றி நான்கு கோடு இழுக்கிறாள். கடைசிக் கட்டத்தில் வெயில் மட்டும் விழுந்திருக்கிறது.