ஒன்பதாம் தூண்

"கண்ணைத் திறங்கண்ணே! வண்டி இன்னும் பிளாட்பாரத்தையே தாண்டல. அதுக்குள்ள சட்டை நனைஞ்சு போச்சு!"

ரெஹெமா சொன்னதும் பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். செலெமானி கைப்பிடியை விடவில்லை.

வேகத்துக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும். அவன் பயந்தது வழியிலிருந்த பாலத்தை நினைத்து.

துருக்கிக்காரர்களும் டான்சானியாக்காரர்களும் சேர்ந்து நான்கு வருடம் போட்ட அதிவேகப் பாதை. கட்டியவர்கள்தான் முதலில் ஏற வேண்டும் என்று, எட்டுப் பெட்டிகளையும் தொழிலாளிகள், பெண்டாட்டி பிள்ளைகள் என நிரப்பியிருந்தார் தலைமை எஞ்சினியர் நெவ்ஸாத். காலையில் அவர் ஊர் வழக்கப்படி ஆட்டை அறுத்து, சக்கரத்தில் ரத்தம் தொட்டு வைத்தார்கள். செலெமானி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கும் ரெஹெமாவுக்கும் கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு தூணின் கலவையிலும் ஆறு கட்டிகள் வார்த்து, தூணின் எண்ணை அதில் கீறி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். இருபத்தெட்டாம் நாள் மூன்றை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். மீதி மூன்று தொட்டியிலேயே கிடக்கும்; யாரும் தொடுவதில்லை.

போன வருடம் ஒன்பதாம் தூணுக்கு வந்த கலவை வெயிலில் இறுகிப்போனது. லாரி டிரைவர் அதில் தண்ணீரை ஊற்றினான். தடுக்க வேண்டிய செலெமானி, "சரி, சரி, கொட்டு" என்றான்.

இருபத்தேழாம் நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டியை நசுக்கினான். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

வேலை போய்விடும். கையில் கிடைத்த ஆணியால் எண்களைச் சுரண்டினான். ஏற்கெனவே தேறிவிட்ட பன்னிரண்டாம் தூணின் மீதிக் கட்டிகளில் ஒன்பது என்று எழுதினான். ஒன்பதின் கட்டிகளில் பன்னிரண்டு என்று. மறுநாள் ஒன்பதாம் தூண் 'தேறியது'.

அடுத்த வாரமே ஆறு மாதப் பயிற்சிக்கு அவனைத் துருக்கியிலுள்ள அங்காராவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பியது நேற்றுத்தான். வெறும் எஞ்சின் மெதுவாகப் பாலத்தைத் தாண்டியதாகச் சொன்னார்கள். எட்டுப் பெட்டி, ஆள் பாரம், முழு வேகம் எல்லாம் இன்றுதான்.

சுவரில் ஒளிர்ந்த வேக எண் நூற்றிருபதைத் தாண்டியது.

"என்ன தம்பி, அங்காராவுல இதை விட வேகமா போயிருப்பியே?" நெவ்ஸாத் தேநீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். தளத்தில் எல்லோருக்கும் அவர் ம்ஸே, பெரியவர்.

"ம்ஸே, பாலம் எப்ப வரும்?"

"அஞ்சு நிமிஷம். ஜன்னல் பக்கம் வா, நல்லாத் தெரியும்."

பின் இருக்கையில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது. செலெமானி துள்ளி எழுந்தான்.

"வண்டியை நிறுத்தச் சொல்லுங்க!"

சிரிப்பு அடங்கியது.

"பாலத்துல ஒரு தூண் கெட்டது ம்ஸே. கலவையில தண்ணி ஊத்தினாங்க, விட்டுட்டேன். கட்டியோட நம்பரை மாத்தி எழுதி மறைச்சதும் நான்தான். என்னை ஜெயில்ல போடுங்க. முதல்ல வண்டியை நிறுத்துங்க!"

ரெஹெமா வாயைப் பொத்திக்கொண்டாள். நெவ்ஸாத் மட்டும் அசையவில்லை. ஒரு வாய் தேநீர் குடித்தார்.

"அப்ப அது நீதானா?"

"ம்ஸே...?"

"நீ அங்காரா போன மறு மாசம் தணிக்கைக்கு ஆள் வந்தாங்க. தொட்டியில கிடந்த மீதிக் கட்டியை எல்லாம் நசுக்கிப் பார்த்தாங்க. ஒரு தூணோடது பொடிப்பொடியாப் போச்சு. அந்தத் தூணையே இடிச்சுப் புதுசாக் கட்டிட்டோம். சும்மாவா என் பேத்தியை வண்டியில ஏத்தினேன்?"

செலெமானி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். ஆறு மாதமாக அடக்கி வைத்த அழுகை.

"போதும், போதும். உனக்குத் தண்டனை உண்டு. அதை இறங்கின பிறகு பேசலாம்."

சக்கரங்களின் சத்தம் மாறியது. கீழே தரை விலகிப் பள்ளத்தாக்கு திறந்தது. பாலம். முதல் தூண் கடந்தது, இரண்டாவது கடந்தது. குழந்தைகள் கை தட்டினார்கள்.

"அல்லா காப்பாத்தினான் ம்ஸே," கண்ணைத் துடைத்தான் செலெமானி. "அந்த ஒன்பதாம் தூணை நினைச்சு நான் செத்துச் செத்துப் பிழைச்சேன்."

நெவ்ஸாத்தின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"ஒன்பதா? நாங்க இடிச்சது பன்னிரண்டை!"