பட்டியலில் இல்லாத பெயர்

குலதெய்வக் கோயில் கொடை விழாவன்று எட்டுத் தலைமுறை வம்சாவளியையும் திரையில் காட்டப்போவதாக அம்பலவாணன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். பெயர்ப் பட்டியலைத் தம் கையாலேயே தட்டச்சு செய்திருந்தார். ப்ரோகிராம் எழுதிய மருமகள் தமயந்தி, பிறந்த ஆண்டு விடுபட்ட பிழையை மட்டும் பிடித்து ஒதுக்கிவிட்டு மேலே ஓட அதில் ஒரு வலை வைத்திருந்தாள். அந்த வலையில் பதினோரு பேர் சிக்கியும் ப்ரோகிராம் நிற்காமல் ஓடியது. பிறகு சட்டென்று நின்றது. திரையில் சிவப்பெழுத்தில் ஒரே வரி: ‘இந்தப் பெயர் பட்டியலில் இல்லை: பிரமநாயகி.’

வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன அவருடைய தங்கை. முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை.

“இவளை யாரும்மா தேடுனது?”

“வம்சாவளியில தன் பேரையும் சேர்க்கச் சொல்லி கோயம்புத்தூர்லேருந்து ஒருத்தர் படிவம் அனுப்பியிருக்காரு மாமா. அம்மா பேருன்னு இதைப் போட்டிருக்காரு. ப்ரோகிராம் அவங்களைத் தேடிப் பாத்துட்டு நின்னுடுச்சு.”

“எந்தப் பிழை வந்தாலும் பிடிக்கிற மாதிரி ஒரே வலையாப் போட்டுரு.”

“போடலாம். நிக்காம ஓடும். ஆனா நாளைக்கு உங்க பேரே விடுபட்டாலும் வாயைத் திறக்காது.”

அவர் விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். “இன்னொரு தடவை ஓட்டு.”

அதே இடத்தில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை எழுத்தெழுத்தாக வாசித்தார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். மறுபடியும் அவள் பெயரிலேயே நின்றது.

“வலையைப் போட்டுரட்டுமா மாமா?”

“வேணாம், எழுதிக்கோ. ஆவணி மாசம்,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூல நட்சத்திரம். என்னைவிட நாலு வயசு இளையவ.”