வெளிநாட்டுப் பணி: உண்டு

"உண்டுன்னு போட்டிருக்கா, இல்லன்னு போட்டிருக்கா? அதை மட்டும் மொதல்ல சொல்லும்மா."

"இருங்க சார், இப்பதான் தெறக்குது."

"முப்பது வருஷம் பொறுத்தவருக்கு முப்பது செகண்டு பொறுக்க முடியல பாரு" என்றார் சாதிக் பாட்சா, லேமினேஷன் மெஷினுக்குப் பின்னாலிருந்து. ஜெராக்ஸ் கடை அவருடையது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பது நான்.

அய்யனார் சாருக்கு ஈமெயில் கிடையாது. மனுக்களில் எங்கள் கடையின் முகவரியைத்தான் கொடுத்திருந்தார். ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து வருவதெல்லாம், ரேஷன் கார்டுக்கும் பான் கார்டுக்கும் நடுவே, என் திரையில்தான் வந்து விழும்.

எப்போதும்போல அவரோடு வந்த அம்மாள் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் பதிவேட்டில் சோமாலியாப் பணியைச் சேர்க்கச் சொல்லி இரண்டு வருடத்தில் ஏழு மனு. ஏழையும் அடித்தது நான்தான். அதனால் கதை எனக்கு மனப்பாடம்.

மும்பைத் துறைமுகம். சோமாலியாவுக்கு அமைதிப் படையை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பப் போகிறது. அன்று காலை பார்த்து, பட்டியலில் இருந்த இரண்டு பேருக்கு அம்மை போட்டுவிட்டது. படகு ஓட்டத் தெரிந்தவர்கள் யார் என்று அதிகாரி கேட்கிறார். பின்வரிசையில் இரண்டு கைகள் உயர்கின்றன.

இரண்டும் கருக்களாச்சேரி மீனவக் கைகள். அய்யனார், நாகராஜ்.

கப்பல் போய்விட்டது. பட்டியலை யாரும் திருத்தவில்லை.

சோமாலியாவின் கிஸ்மாயோ துறைமுக வாயிலில் மாவு மூட்டை ஏற்றிவந்த படகு ஒன்று கவிழ்ந்தது. நாகராஜ் நீந்திப்போய் நான்கு பேரைக் கரை சேர்த்தார். ஐந்தாவது ஆளுக்காகத் திரும்பிப் போனார்.

உடல் கிடைக்கவில்லை.

கடல் ஒருவரைத் திருப்பித் தரவில்லை என்றால், அவர் சாமான்களையும் அதனிடமே கொடுத்துவிடுவது அவர்கள் குடும்பங்களில் வழக்கம். ஊர் வந்து சேர்ந்த நாகராஜின் டிரங்குப் பெட்டியைக் கட்டுமரத்தில் ஏற்றிப்போய் நடுக்கடலில் விட்டார்கள். சட்டைகள், சம்பளப் புத்தகம், நீலத் தொப்பியில் இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரே போட்டோ. மூடும்போது அய்யனார் சார் தன்னுடைய சோமாலியாப் பதக்கத்தையும் உள்ளே வைத்துவிட்டார்.

"அவன் தனியாப் போறானேன்னு தோணுச்சு" என்பார்.

"பட்டாளத்துக்குப் போயும் புத்தி கட்டுமரத்துலயே இருந்திருக்கு" என்பார் சாதிக் பாட்சா.

"ஆமாம் பாய்" என்பார் அவர்.

ஆதாரம் எங்கே என்று ஒவ்வொரு பதிலிலும் கேட்டார்கள். ஆதாரம் கடலுக்கடியில் இருந்தது.

கடைசியில், அம்மை போட்ட இருவரில் ஒருவரை ஆற்காட்டில் கண்டுபிடித்தார். அவருடைய பதிவேட்டில்தான் அய்யனார் சாரின் சோமாலியா இருந்தது. அந்த மனிதர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: நான் கப்பல் ஏறவில்லை, மருத்துவமனையில் கிடந்தேன், அந்தப் பெருமை என்னுடையது அல்ல, உரியவருக்குக் கொடுத்துவிடுங்கள். அடித்து முடித்து வெகுநேரம் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

பக்கம் திறந்தது.

வெளிநாட்டுப் பணி: உண்டு. சோமாலியா. பதக்கம்: ஐக்கிய நாடுகள் சபை, ஒன்று.

இரண்டு முறை தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சாதிக் பாட்சா. "புதுப் பதக்கம் வாங்கி ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் குத்திக்கிட்டு நில்லுங்க. நான் போட்டோ புடிச்சு லேமினேட் பண்ணித் தர்றேன், ஓசியில."

அய்யனார் சார் சிரிக்கவில்லை. பிரிண்டரிலிருந்து வந்த தாளை, சூடு ஆறும் முன்பே வாங்கி மேசையில் வைத்தார். பைக்குள் கைவிட்டு வேறொரு காகிதக் கட்டை எடுத்தார்.

"இப்ப எட்டாவதை அடிம்மா. இதுல நான் சாட்சி மட்டும்தான்."

மனு செய்பவர்: கமலாம்பாள், கணவர் பெயர் நாகராஜ்.

மேலே, அவருடைய பழைய மனு ஒன்றுக்கு வந்த பதில் கடிதம் குத்தியிருந்தது. நாங்கள் அடித்த முதல் மனுவுக்கும் முந்தைய தேதி. சாட்சி சொல்பவர் வெளிநாட்டில் பணியாற்றியதற்கு அவருடைய பதிவேட்டில் குறிப்பு இல்லை. எனவே சாட்சியம் ஏற்கப்படவில்லை.

அதற்கடியில் நாகராஜின் பதிவேடு. கப்பல் கிளம்பிய நாளில் முகாமில் ஆள் இல்லை என்று குறித்திருந்தார்கள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்.

ஓடிப்போனவர்.

"செத்தது யாருன்னு பட்டியலைப் பார்த்திருக்காங்க" என்றார் அய்யனார் சார். "அவன் எடத்துல பட்டியல்ல இருந்த ஆளு அம்மையோட ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கான். சேதி தப்புன்னு மூடிட்டாங்க. அந்த ஆளும் இப்ப உயிரோட இல்ல."

தாளை நேராக்கினார்.

"நான் வந்துட்டேன், அதனால எங்கயும் போகலன்னு எழுதிட்டாங்க. அவன் வரல, அதனால ஓடிட்டான்னு எழுதிட்டாங்க. நான் அங்க இருந்தேன்னு ஆனாத்தானேம்மா, அவன் அங்க இருந்தான்னு நான் சொல்ல முடியும்?"

சாதிக் பாட்சா மெஷினை அணைத்தார்.

"அண்ணே, நான் ஒண்ணு கேட்டுக்கட்டா?"

ஸ்டூலில் இருந்த அம்மாள் எழுந்து வந்திருந்தார். இரண்டு வருடத்தில் அவர் குரலை அன்றுதான் கேட்டேன். அதுவரை அவரை அய்யனார் சாரின் மனைவி என்றே நினைத்திருந்தேன்.

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். படிக்கத் தெரியாது, ஆனாலும் விரல் தடுமாறாமல் சரியாக அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது.

"இது மட்டும் இல்லாம ஒரு தாளு எடுத்துத் தர்றியாம்மா? யாருக்கும் காட்ட மாட்டேன். ஒரு தடவ பார்த்துட்டு, இங்கயே கிழிச்சுப் போட்டுடுறேன்."