முதல் நூறு கிலோமீட்டர்

நெடுந்தூரம் ஓட்டும் மகள் ஷெரினின் பெரிய பைக்குக்கு டயர் தேடிக் கடைகடையாக ஏறி இறங்கியவர் ஞானசிகாமணிதான். “மழையிலயும் வழுக்கக் கூடாது, ரொம்ப நாள் உழைக்கணும்.” இருப்பதிலேயே நல்லதை மாட்டிவிட்ட கடைக்காரர், “புது டயர் கொஞ்சம் வழுக்கும் சார். முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாப் போகச் சொல்லுங்க” என்றார். அதை மட்டும் ஞானசிகாமணி அவளிடம் சொல்ல மறந்துவிட்டார். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு இருந்தது. அன்று மழைகூடப் பெய்யவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீட்டுவந்த பைக்கை, கோணிப்போன ஹாண்டிலைப் பிடித்துத் தினமும் வீட்டைச் சுற்றித் தள்ளுகிறார். டயரின் ரப்பர் முடிகள் இன்னும் முழுதாகத் தேயவில்லை.

“போதுங்க, உள்ள வாங்க” என்று மனைவி கெஞ்சினாள்.

“இன்னும் நாப்பத்தொரு கிலோமீட்டர்தான் ஸ்டெல்லா. அப்புறம் வழுக்காது.”