நடுக்கடல்

"இன்னும் மூணு வாரந்தான் கோமளா. கப்பல் இப்ப நடுக்கடல்ல போவுது" என்றான் யோகராஜ், போனில்.

"சீக்கிரம் வாங்க. தங்கச்சி தர்மிளாகூட அத்தான் எப்ப வர்றாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இப்ப ஒரு வாரமா இந்தப் பக்கமே காணோம்."

வாசலில் ஸஹாப்தீன் நானாவின் பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ வழக்கமான பாட்டோடு வந்தது. கோமளா ஒரு பாண் வாங்கினாள். ஆட்டோ ரப்பர் மரங்களுக்கிடையே இறங்கி, தர்மிளா தனியாக இருக்கும் வீட்டுப் பக்கம் போனது. பாட்டு தேய்ந்து மறைந்தது.

"கப்பல்ல சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"என்னத்த சாப்பாடு! நம்ம ஊர்ப் பாண் சாப்பிட்டு ரெண்டு வருசமாச்சு."

அப்போது போனுக்குள் அதே பாட்டு கேட்டது. கிட்ட வந்து நின்றது. நானாவின் குரல் தெளிவாக வந்தது.

"தர்மிளா, இண்டைக்கும் ரெண்டு பாண்தானா?"