இரண்டாம் பந்தி

வந்தவன் வேல்கம்பை மண்ணில் குத்தி நிறுத்தினான். கோட்டைக் கதவைத் தட்டவில்லை.

தட்டியிருக்கலாம். தட்டுகிறவனுக்கு அவசரம் இருக்கும். இவனுக்கு எந்த அவசரமும் இல்லை.

அவள் கதவின் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தோளில் கம்பளி, காலில் புதுச் செருப்பு. அவன் பார்வை மதில் மேலேயே இருந்தது.

மதில் மேல் வரிசையாகத் தலைப்பாகைகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பு முனை.

தலைப்பாகைகளுக்குக் கீழே இருந்தவை உலக்கைகள்.

ஆண்கள் உப்புக்குப் போயிருந்தார்கள். கடற்கரை வரை போய் மாட்டின் மேல் பொதி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வழி மோசம். சிலர் மட்டும் போனால் மாடும் திரும்பாது, ஆளும் திரும்பாது. அதனால் எல்லோரும் போனார்கள்.

காட்டை வெட்டி, மண்ணைக் குழைத்து, மதில் எழுப்பி ஒரு மழைதான் கண்டிருந்தது. கோட்டை என்று அவர்களேதான் சொல்லிக்கொண்டார்கள். யானை முதுகு சொறிந்தால் விழுந்துவிடும்.

எதிரே காட்டோரத்தில் புதர்கள் அசைந்தன. காற்று இல்லை.

இவன் தனியாக வரவில்லை.

"தாயி, வழிப்போக்கன். ஒரு வாய் சோறு கெடைக்குமா?"

வா என்று கதவைத் திறந்தால் ஆளில்லாதது தெரிந்துவிடும். போ என்று சொன்னால் பயம் தெரிந்துவிடும்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆம்பளைக பந்தியில உக்காந்திருக்காக. எந்திரிக்கட்டும். அடுத்த பந்தியில ஒங்களுக்கு எலை போடுதேன்."

"ஆகட்டும் தாயி. இருக்கேன்."

அவன் வாகை மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுக் கோப்பம்மா பானைகளைத் திறந்து பார்த்தாள். கம்பஞ்சோறு இருந்தது. மோர் இருந்தது. உப்புதான் இல்லை.

வீட்டில் உப்பு தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக அந்தக் கோட்டையில் எல்லா வீட்டிலும் உப்பு நிறைந்திருந்தது.

அந்தச் சோற்றை அவன் ஒரு வாய் வைத்தால் போதும். ஆண்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

இன்னொன்றும் இருந்தது. களவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு கட்டு உண்டு. எந்த வீட்டு உப்பைத் தின்றானோ அந்த வீட்டின் மேல் கை வைக்க மாட்டான். உப்பில்லாத சோறு அவனை எதற்கும் கட்டாது. தின்பான், கை கழுவுவான், புதரில் இருப்பவர்களைக் கூப்பிடுவான்.

அவள் தன் உப்புப் பானையை எடுத்தாள். தாய்வீட்டிலிருந்து தலைச்சுமையாக வந்தது. உள்ளே ஒரு கல் உப்பு இல்லை. ஆனால் பானையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எத்தனையோ வருஷத்து உப்பைக் குடித்த மண் அது.

அம்மிக் குழவியால் ஒரே போடு.

கோப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். உப்புப் பானை உடைந்தால் குடி விளங்காது என்பார்கள். குடி இருந்தால் அல்லவா விளங்குவதற்கு?

ஓடுகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் சுண்டச் சுண்டக் கலங்கியது. முந்தானையில் வடிகட்டி, சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. பயத்தில் நாக்கு வறண்டு கிடந்தது.

இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தன் உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து வெளியே வந்தாள். பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ ஆண் குரலில் இருமினார்கள். கோப்பம்மாவாகத்தான் இருக்கும். கொஞ்சம் கூடுதலாகவே இருமினாள்.

இலையைப் போட்டாள். சோற்றை வைத்தாள். மோர்ச் சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அவன் முதல் உருண்டையை வாயில் போட்டான்.

மென்றான்.

நிறுத்தினான்.

அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். மாரியாத்தா, மண்ணுக்குள் உப்பு இருந்திருக்க வேண்டும்.

அவன் அடுத்த உருண்டையை எடுத்தான். அதற்கடுத்ததையும். அவசரப்படாமல், இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தான். மோரைத் தூக்கிக் குடித்தான். கொஞ்சம் மீதம் வைத்தான்.

கை கழுவி எழுந்து, வேல்கம்பைப் பிடுங்கிக்கொண்டான். மதிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை பார்த்தான்.

"காவலுக்கு நிக்கிறவுகளுக்கும் கொஞ்சம் மோர் குடு தாயி. வெயில் ஏறுனதுலேருந்து பாக்கேன், ஒருத்தரும் தலையக்கூட அசைக்கலையே."

சொல்லிவிட்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் காட்டுக்குள் நுழைந்ததும் புதர்கள் அசைந்தன. அசைவு மெல்ல மேற்கே நகர்ந்து, மரங்களுக்குள் போய் அடங்கியது.

அவள் எச்சில் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்க வந்தது.

பிறகு எழுந்தாள். இவன் உப்புத் தின்றவன். அடுத்து வருகிறவன் தின்னாதவன்.

மதில் மேல் ஏறி, உலக்கைகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைக்கத் தொடங்கினாள்.