ரெண்டு கோடுதான் இருக்கு

"ஏசிய எதுக்குங்க அடைச்சீங்க?"

"எண்ணெய் இல்ல குமுதா. அங்க பாரு, ரெண்டு கோடுதான் இருக்கு."

காரின் நடுத்திரையில் மின்னல் குறி போட்ட ஒரு பெட்டிப் படம். அதற்குள் ரெண்டே ரெண்டு கோடு. குமுதாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கார் ஓட்டுகிறவரை ஓட்டத் தெரியும்.

"ஹைபிரிட் ஹைபிரிட்னு, கரண்டுலயும் ஓடும் எண்ணெயிலயும் ஓடும்னு நம்ம புக்கிட் செந்தோசா முழுக்கத் தம்பட்டம் அடிச்சீங்களே! ஒரு தடவ ஊத்துனா ஈப்போ போயிட்டுத் திரும்பி வந்துரலாம்னு. குவாலா சிலாங்கூருக்கே தள்ளிக்கிட்டுத்தான் போவணும் போலருக்கே?"

சுகுமாரன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். குமுதா காலையிலிருந்து பாடுபட்டுப் போட்டிருந்த பவுடர் கழுத்து வழியே இறங்கிப் பட்டுப்புடவைக்குள் போய்க்கொண்டிருந்தது. குவாலா சிலாங்கூரில் தோழி மகளின் நிச்சயதார்த்தம். இந்தக் கோலத்தில் போய் இறங்கினால், கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் இவளைத்தான் பார்ப்பார்கள்.

"அந்தா எண்ணெய் ஸ்டேஷன்! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"அங்க கூட்டம். அடுத்ததுல ஊத்திக்கலாம்."

கூட்டம் என்று அவர் சொன்னது ஒரு மோட்டார் சைக்கிளையும் ஒரு பூனையையும்.

அடுத்தது என்று ஒன்று வரவேயில்லை. கார் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பியது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள்தான்.

"ஏங்க, இது குவாலா சிலாங்கூர் ரோடு இல்லியே?"

"குறுக்கு வழி. எண்ணெய் மிச்சம்."

"இருந்தாத்தானே மிச்சம் புடிக்கிறதுக்கு? இத்தன எண்ணெய் மரத்துக்கு நடுவுல எண்ணெய் இல்லாம நிக்கப்போற மொத ஆளு நீங்கதான்!"

வாய் முகூர்த்தம். கார் ஓரமாகப் போய் நின்றது. சத்தமே இல்லை.

"போச்சு. நின்னுருச்சு" என்றார் சுகுமாரன், டாக்டர் கையை விரித்ததுபோல.

குமுதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நீல கேட். உள்ளே கறிவேப்பிலை மரம்.

சிவானந்தம் வீடு. சுகுமாரனின் சொந்த அண்ணன் வீடு.

குமுதாவின் மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் ஒரு வரி விட்டுப்போனது. அச்சகத்துக்காரன் செய்த கோளாறு. அந்த வரியில்தான் பெரியப்பாவின் பெயர் இருந்தது. "பேரு இல்லாத எடத்துல எனக்கு என்னா வேல?" என்று அவர் வரவில்லை. "வந்திருந்தா தேஞ்சா போயிருப்பாரு?" என்றாள் குமுதா. அத்தோடு சரி. தீபாவளிக்கு ஒரு முறுக்குகூட இங்கிருந்து அங்கேயோ அங்கிருந்து இங்கேயோ போகவில்லை. அவர்களாகக் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று குமுதா சபதம் போட்டிருந்தாள். அதே சபதத்தை அந்த வீட்டிலும் போட்டிருந்தார்கள். சுகுமாரனைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என் மானத்த வாங்கணும்னே இங்க கொண்டாந்து நிறுத்துனீங்களா?"

"நானா நிறுத்துனேன்? வண்டியில்ல நின்னுச்சு!"

கேட் திறக்கும் சத்தம். தோளில் துண்டோடு சிவானந்தம் வந்து நின்றார். காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"என்னா தம்பி?" என்றார் கடைசியில்.

"எண்ணெய் முடிஞ்சிருச்சுண்ணே."

"புதுக் காடியா?"

"ஆமாண்ணே. ஹைபிரிட்."

"கரண்டும் இல்ல, எண்ணெயும் இல்ல. நல்ல காடிலா!"

குமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிவானந்தம் சொன்னதற்கு வந்தது என்பதால் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"உங்க மோட்டார் சைக்கிள்ல என்னைய ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டீங்கன்னா..." என்று இழுத்தார் சுகுமாரன்.

"எதுக்கு? வெண்டிச் செடிக்குத் தண்ணி எறைக்கிற மோட்டாருக்கு பெட்ரோல் வாங்கி வச்சிருக்கேன். இரு."

சுகுமாரனின் முகம் வெளுத்துப்போனது. எண்ணெய் கிடைத்ததற்கு ஒரு மனிதன் ஏன் இப்படி வெளுக்கிறான் என்று குமுதாவுக்குப் புரியவில்லை.

சிவானந்தத்தின் மனைவி புஷ்பவள்ளி வாசலுக்கு வந்தாள். வந்தவள் துணிக்கொடியைப் பார்த்தாள். குமுதா காரை விட்டு இறங்கிச் செம்பனை மரத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கழுத்து சுளுக்காமல் இருந்தது ஆச்சரியம்.

சிவானந்தம் பெட்ரோல் டின்னோடும், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலோடும் திரும்பி வந்தார்.

"குடுங்கண்ணே, நானே ஊத்திக்கிறேன்."

"வேட்டி சட்டையோட நிக்கிற. தள்ளு."

"இல்லண்ணே, நான்..."

"தள்ளுன்னா தள்ளுடா!"

பாட்டிலின் வாயை டேங்கில் சொருகி ஊற்றினார்.

ஒரு மடக்குகூட இறங்கியிருக்காது. பெட்ரோல் குபுக்கென்று மேலே வந்தது. விளிம்பு தாண்டி, பளபளவென்றிருந்த பெயிண்டில் வழிந்து தரையில் சொட்டியது.

சிவானந்தத்தின் கை அப்படியே நின்றது.

கார் பற்றி ஒன்றும் தெரியாத குமுதாவுக்கும் அடுப்படி தெரியும். காலிப் பானை வழியாது.

சிவானந்தம் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் செருப்பைப் பார்த்தார்.

குமுதா வாயைத் திறந்தாள்.

அவள் ஆரம்பிப்பதற்குள் சிவானந்தம் டேங்க் மூடியை இறுகத் திருகினார். வழிந்ததைத் தோள்துண்டால் அவசரமாகத் துடைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"புஷ்பம், ரெண்டு பேருக்குச் சேத்து ஒல வையி! தம்பி காடில சொட்டு எண்ணெய்கூட இல்ல!"